சந்தனமேரிக்கு இரண்டு பிறந்த நாள்

மாயக்கண்ணன் வாழைக்காய் பஜ்ஜியைக் கடித்த அதே நொடியில் சந்தனமேரி அழ ஆரம்பித்தாள்.

"இந்தாக்கா, எனக்குத் தொண்டையில சிக்குது" என்று முனகியபடி மீதியை அதன் மஞ்சள் காகிதத்திலேயே மடித்து ஜன்னல் ஓரம் வைத்தான். பன்னிரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பயணிகளிடம் வாய் பேசியதற்காக வேலை போனது. அந்த வாய் பிடித்துப்போய் அவனை உதவியாளனாகச் சேர்த்துக்கொண்டவள்தான் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆரோக்கிய ஷீலா.

ஷீலா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்ச் சாவுகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஏழு பேரை உயிரோடு கொண்டுவந்து நிறுத்திய பிறகு, சொந்தமாகத் துப்பறியலாம் என்று காரைக்குடி கல்லுக்கட்டியில் மாடி அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்துவிட்டாள்.

"அழுகையை அஞ்சு மணிக்கு மேல வச்சுக்குவோம். இப்ப மணி ரெண்டு பத்து. பேங்க் மேனேஜர் என்ன சொன்னாரு, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சந்தனமேரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பள்ளத்தூரில் மாவு மில் ஒன்றில் பதினோரு வருஷமாக அரைக்கிறவள். மில்காரர் மகனோடு மெட்ராஸ் போகப் போகிறார். 'மில்லை நீயே எடுத்துக்க, மேரி. பேங்க் லோன் வந்தா போதும்' என்று சொல்லியிருந்தார். வெளியாள் ஒருவர் கையில் ரொக்கத்தோடு நிற்கிறார். இன்று சாயங்காலத்துக்குள் லோன் உறுதியாகாவிட்டால் மில் அவருக்குப் போய்விடும்.

"ஏப்ரல்ல மேனேஜர், எனக்கு எங்கெங்க கடன் இருக்குன்னு கம்ப்யூட்டர் ரிப்போர்ட் கேட்டாக. செக்காலை ரோட்டுல ஒரு தம்பி இன்டர்நெட் கடை வச்சிருக்காருல்ல, அங்க அம்பது ரூவா குடுத்து வாங்கிக் குடுத்தேன். 'உனக்கு எங்கயும் கடனே இல்ல, சுத்தம்'னு வந்துச்சு. அப்புறம் எலெக்‌ஷன் வந்து லோனு தள்ளிப் போச்சு. இப்ப புதுசா எடுத்துட்டு வான்னாக. எடுத்தா…"

அவள் நீட்டிய தாளை ஷீலா வாங்கிப் பார்த்தாள். மே மாதம் சந்தனமேரி தவணை முறையில் ஒரு கலர் டி.வி.யும் ஒரு வி.சி.ஆரும் வாங்கியிருக்கிறாள். ஒரு தவணைகூடக் கட்டவில்லை.

"எங்க வீட்டுல கரண்டே போன வருஷந்தான் வந்துச்சு, ஷீலாம்மா!"

"பாவம், வி.சி.ஆருக்கு அது தெரியலை" என்றான் மாயக்கண்ணன்.

"நான் வாங்கலைன்னு அஞ்சு மணிக்குள்ள அத்தாட்சி கொண்டாந்தா லோனு. இல்லைன்னா பைலை மூடிருவேன்கிறாக."

அவள் கையில் இன்னொரு தாளும் இருந்தது. தவணைக் கடைப் பையனிடம் கெஞ்சி வாங்கிய விண்ணப்பத்தின் ஜெராக்ஸ். பெயர், விலாசம், தாயார் பெயர், பேங்க் கணக்கு எண் எல்லாம் அவளுடையவையே. கையெழுத்தும் அச்சு அசல் அவளுடையது.

"பிறந்த தேதி எட்டு பன்னெண்டு அறுபத்திரெண்டு. சரிதானா?"

"சரிதான். மாதா திருநாள்ல பொறந்தேன், அதான் மேரி" என்ற சந்தனமேரி சட்டென்று நிறுத்தினாள். "ஆனா அது எங்க பேப்பர்லயும் கெடையாதே!"

ஷீலாவின் பேனா நின்றது. "எப்படி?"

"பள்ளிக்கூடத்துல சேக்க வயசு பத்தலைன்னு ஹெட்மாஸ்டரு ஜூன் ஒண்ணுன்னு எழுதிட்டாரு. சர்ட்டிபிகேட்டு, பாஸ்புக்கு, வேலைவாய்ப்பு ஆபீஸ் கார்டு, எல்லாத்துலயும் ஜூன்தான். டிசம்பரு மாதாவுக்கும் கோயில் ஞானஸ்நான நோட்டுக்குந்தான் தெரியும்."

"எங்க வகுப்புல முப்பத்தெட்டு பேரு. அத்தனை பேரும் ஜூன் ஒண்ணு" என்றான் மாயக்கண்ணன். "ஹெட்மாஸ்டர் ஒரே நாள்ல பிரசவம் பாத்த மாதிரி."

"டிசம்பரை வேற எங்கயாவது எழுதினீங்களா? நல்லா யோசிங்க."

சந்தனமேரி யோசித்தாள். "அந்த இன்டர்நெட் தம்பிகிட்ட. 'உண்மையான தேதியப் போடுங்கக்கா, கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொன்னா கண்டுபிடிச்சிரும்'னாரு. பயந்து டிசம்பரையே எழுதிக் குடுத்தேன்."

ஷீலா எழுந்து செருப்பை மாட்டினாள்.

"கேஸ் முடிஞ்சு போச்சு மேடம். அந்தத் தம்பி சட்டையப் பிடிச்சா வேலை தீந்துச்சு" என்றான் மாயக்கண்ணன்.

"பிடிப்போம். போற வழியில தவணைக் கடை. ஜெராக்ஸோட அம்மாவை, அதான் அசல் பாரத்தை, முதல்ல பாத்துட்டுப் போவோம்."

* * *

சௌபாக்கியா தவணை நிலையத்தின் முதலாளி குமரப்பன் மூவரையும் கை கூப்பி வரவேற்றார். எல்லாரையும் வாங்க வந்தவர்களாகவே பார்த்துப் பழகிய கண்கள்.

"கிரைண்டர் பாக்குறீகளா, பிரிட்ஜா?"

"கையெழுத்து" என்றாள் ஷீலா.

விஷயத்தைக் கேட்டதும் கைகள் கூப்பலிலிருந்து கீழே இறங்கின. ஆனாலும் மறுக்காமல் அசல் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தார். "எங்க ஏஜென்ட் சேவுகன்தான் பாரம் எழுதுறது. தங்கமான மனுசன். மாசம் அம்பது பார்ட்டி பிடிச்சுருவாரு. யோவ் சேவுகா, இங்குட்டு வா!"

மூலை மேசையிலிருந்து ஒல்லியாக ஒருவர் எழுந்து வந்தார். நெற்றியில் பட்டை விபூதி, சட்டைப் பையில் மூன்று பேனா. மேசை மேல் நான்கு அடுக்கு டிபன் கேரியர் ஒன்று.

"நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு அம்மா வந்தாக, முக்காடு போட்டுருந்தாக. அவுக சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் முன்னாடிதான் கையெழுத்துப் போட்டாக. சாமான மாட்டு வண்டியில ஏத்திட்டுப் போயிட்டாக."

"பிறந்த தேதியும் அவங்களே சொன்னாங்களா?"

"பின்ன, நானா கனவு காணுறது?"

ஷீலா விண்ணப்பத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். தாள் முழுக்கச் சுத்தம். ஓரிடத்தில் மட்டும், கையெழுத்துக்கு நேர் பின்னால், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒரு வட்டம் கண்ணாடி போலத் தெரிந்தது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

கடைப் பையன் கொண்டுவந்த தட்டில் உளுந்த வடையும் டீயும் இருந்தன. மாயக்கண்ணன் இரண்டு வடையை எடுத்துக்கொண்டு தட்டைச் சேவுகன் பக்கம் தள்ளினான்.

"ஐயோ, எனக்கு வேண்டாம். வயித்துப் புண்ணு" என்று சேவுகன் இரண்டடி பின்வாங்கினார். "எண்ணெயக் கண்ணால பாத்தாலே எரியும். அஞ்சு வருசமா தயிர்சாதம்தான்."

"உண்மைதான்" என்றார் குமரப்பன். "தீபாவளிக்குக்கூட ஒரு முறுக்கு தொட மாட்டாரு."

"நாலு அடுக்குத் தயிர்சாதமா அண்ணே?" என்று கேட்டான் மாயக்கண்ணன். "நாங்கூட மூணு அடுக்கோட நிறுத்திக்குவேன்."

சேவுகன் சிரித்தார். ஷீலாவும் சிரித்தாள். விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

"என்ன மேடம் மோந்து பாத்தீங்க?"

"கடலை எண்ணெய், கொஞ்சம் பெருங்காயம்."

"வடை திங்கிற கடையில எண்ணெய் இருக்காதா?"

"இருக்கும். ஆனா தாள் முழுக்க விட்டுட்டு, கையெழுத்துக்குப் பின்னால மட்டும் ஏன் அண்ணே இருக்கு?"

மாயக்கண்ணன் தோளைக் குலுக்கினான். அவன் வாயில் வடை இருந்தது.

* * *

வெற்றி இன்டர்நெட் மையத்தின் வாசலில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, 'உங்கள் விவரங்கள் உயிரைப்போல் பாதுகாக்கப்படும்.'

உள்ளே ஊருக்கே பொறாமை வரும்படி ஏ.ஸி. ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளர் முத்துராமன் கழுத்தில் டை கட்டியிருந்தான். மாயக்கண்ணன் நேராகப் போய் அந்த டையைப் பிடித்துவிட்டான்.

"எங்கய்யா டி.வி.?"

"எந்த டி.வி.? இது மானிட்டர் சார்!"

"விடுங்கண்ணே" என்றாள் ஷீலா. "தம்பி, இந்த அக்கா குடுத்த விவரம் வெளியே போயிருக்கு. உங்க கடையைத் தவிர வேற வழியா போயிருக்க முடியாது."

முத்துராமனுக்குக் கோபத்தில் காது சிவந்தது. "என் கடையிலிருந்தா? மேடம், பாருங்க!" சாவியால் அலமாரியைத் திறந்தான். அதற்குள் இன்னொரு பூட்டு. அதற்குள் ப்ளாப்பிகள். கம்ப்யூட்டருக்குப் பாஸ்வேர்டு. பாஸ்வேர்டைத் தட்டும்போது மூவரையும் சுவர்ப்பக்கம் திரும்பி நிற்கச் சொன்னான். "பதினாலு எழுத்து. என் பொஞ்சாதிக்கே தெரியாது. போன்ல மெட்ராஸ் கம்பெனியைப் பிடிச்சு விவரத்தை அனுப்பினதும் இங்க அழிச்சிருவேன். ரிப்போர்ட்டை ஒட்டின கவர்ல போட்டுத்தான் கையில குடுக்குறது."

பேச்சில் நடுக்கம் இல்லை. பெருமைதான் இருந்தது. பொய் சொல்கிறவனின் காது இப்படிச் சிவக்காது என்பது ஷீலாவின் இன்சூரன்ஸ் அனுபவம்.

"இவங்க எதுல எழுதிக் குடுத்தாங்க?"

"பாரத்துல."

முத்துராமன் மேசையிலிருந்து ஒரு பாரத்தை உருவிக் கொடுத்தான். பெயர், தாயார் பெயர், உண்மையான பிறந்த தேதி, பேங்க் கணக்கு, மாதிரிக் கையெழுத்து.

மஞ்சள் காகிதம்.

ஷீலா அதை ஒரு முறை பார்த்தாள். மாயக்கண்ணனை ஒரு முறை பார்த்தாள்.

"கம்ப்யூட்டர்ல ஏத்தினப்புறம் இந்தப் பாரத்தை என்ன பண்ணுவீங்க தம்பி?"

"அதான் ஏத்தியாச்சே மேடம். இந்த மூலையில போட்டுருவேன். மாசக் கடைசியில பழைய பேப்பரோட பேப்பரா, கிலோ நாலு ரூபா."

"யாருக்கு?"

"எதுத்தாப்புல, அல்லாபிச்சை பாய் பஜ்ஜிக் கடைக்கு."

மாயக்கண்ணன் தன் விரல்களை முகர்ந்து பார்த்தான்.

"மேடம், மத்தியானம் நான் யாரைத் தின்னேன்?"

* * *

அல்லாபிச்சை பாய் மத்தியானம் ஒரு மணிக்கே எண்ணெய் காயவைக்கும் ஆள். சட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மஞ்சள் தாள்கள் கொத்தாகத் தொங்கின. யாரோ ஒருவரின் தாயார் பெயர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"நல்ல கெட்டிப் பேப்பரும்மா. எண்ணெய் கையில ஒட்டாது" என்றார் பாய்.

"போச்சு" என்றான் மாயக்கண்ணன். "ஊருல பாதிப் பேரு இங்கதான் திங்கிறான். எவன்னு தேடுறது? மணி மூணே கால்!"

சந்தனமேரி ஆணியில் தொங்கிய தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். 

ஷீலா பார்த்தது வேறு. கடை ஓரத்தில் ஒரு நாய் படுத்திருந்தது. தெருநாய்தான், ஆனால் எழுந்தால் வயிறு தரையில் தட்டும் அளவுக்குப் பருத்திருந்தது. மாயக்கண்ணன் அதன் முன் ஒரு பஜ்ஜியைப் போட்டான். நாய் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"என்ன பாய், உங்க நாய்க்கு உங்க பஜ்ஜி பிடிக்கலையா?" என்றாள் ஷீலா.

"பிடிக்காம என்ன. திகட்டிப் போச்சு அதுக்கு. ஒரு புண்ணியவான் தெனம் வாங்கிப் போடுறாருல்ல. பத்துப் பஜ்ஜி வாங்குவாரு, ஒண்ணு வாயில வைக்க மாட்டாரு, அம்புட்டையும் இதுக்கே உதுத்துருவாரு. வாயில்லா ஜீவன் மேல அப்படி ஒரு பாசம்."

"பத்தையும் ஒரே பொட்டலமாவா?"

"அங்கதான் பாருங்க, மனுசன் சுத்தம். ஒண்ணொண்ணையும் தனித்தனித் தாள்ல மடிச்சுத்தான் கேப்பாரு. தாளைக்கூட கீழ போட மாட்டாரு. தெரு குப்பையாகிரும்னு நீவி மடிச்சுப் பையில வச்சுக்குவாரு."

மாயக்கண்ணன் தரையில் கிடந்த பஜ்ஜியையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஏழு பஜ்ஜி கட்டுங்க பாய்" என்றாள் ஷீலா. "நீங்களும் ஒரு அஞ்சு நிமிஷம் எங்களோட வரணும். அண்ணே, நாயையும் கூட்டிட்டு வாங்க."

"கூட்டிட்டா? மேடம், இதைத் தூக்கத்தான் முடியும்."

* * *

தவணை நிலையத்தில் சேவுகன் புதுப் பார்ட்டிக்குப் பாரம் எழுதிக்கொண்டிருந்தார். ஷீலா பொட்டலத்தை அவர் மேசை மேல் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"சொன்னேனேம்மா, வயித்துக்கு ஆகாது…"

அதற்குள் மாயக்கண்ணன் மூச்சு வாங்கியபடி படியேறி நாயைத் தரையில் இறக்கினான். அது குமரப்பனைப் பார்த்தது, பஜ்ஜியைப் பார்த்தது, இரண்டையும் மதிக்காமல் நேராகச் சேவுகன் காலடிக்குப் போய் வாலை ஆட்டிக்கொண்டே அவர் வேட்டியை நக்கியது.

"அட, அண்ணே!" என்றார் பின்னால் வந்த அல்லாபிச்சை பாய் மலர்ச்சியோடு. "இங்கயா வேலை பாக்குறீக? இன்னிக்கு இன்னும் கடைப்பக்கம் காணமேன்னு பாத்தேன்!"

சேவுகனின் கையிலிருந்த பேனா பாரத்தில் நீளமாகக் கோடு கிழித்தது.

"எண்ணெயைக் கண்ணால பாத்தாலே எரியும்னீங்க" என்றாள் ஷீலா. "தினம் பத்துப் பஜ்ஜி யாருக்கு? நாய்க்கு. தாள் யாருக்கு? உங்களுக்கு. பேரு, விலாசம், கணக்கு நம்பர், கையெழுத்து, எல்லாம் வாழைக்காய் சுத்தி வருது. மேல பாரத்தை வச்சு, தெரியிற கையெழுத்தை அப்படியே வரைய வேண்டியதுதான் பாக்கி. எண்ணெய் ஊறின தாளை அடியில வச்சீங்க, அது உங்க பாரத்துக்குப் பின்னால முத்திரை குத்திருச்சு. முக்காடு போட்ட அம்மா டிசம்பர்னு சொன்னதா சொன்னீங்களே, இவங்க பிறந்ததுல இருந்து ஒரு ஆபீஸ்லயும் டிசம்பர்னு சொன்னதில்லை. ஒரே ஒரு மஞ்சத் தாள்ல தவிர."

"கட்டுக்கதை!" என்றார் சேவுகன். "அந்தத் தாளு எங்க? காட்டுங்க பாப்பம்!"

"அதை நான் காட்டுறேன்" என்றான் மாயக்கண்ணன். டிபன் கேரியரை இழுத்து, சேவுகன் பாய்வதற்குள் கொக்கியை விடுவித்தான். முதல் அடுக்கில் தயிர்சாதம். இரண்டாவது அடுக்கில் ஊறுகாய். மூன்றிலும் நான்கிலும், நீவி மடித்து, எண்ணெய் மினுங்க, மஞ்சள் தாள்கள்.

"முப்பத்தொண்ணு" என்று எண்ணி முடித்தான். "பார்ட்டி பிடிக்கிறதில இவரை அடிச்சுக்க ஆளே கெடையாது முதலாளி. ஊருக்குத் தெரியாமலே ஊரைப் பிடிச்சிருக்காரு."

குமரப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "சாமானெல்லாம் எங்கடா?"

சேவுகன் நாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சாக்கோட்டை மச்சான் வீட்டுல. பாதி வித்தாச்சு."

தாள்களைப் புரட்டிய ஷீலா ஓரிடத்தில் நின்றாள். "கண்ணன் அண்ணே, இதுல ஒண்ணு உங்களுது. ஸ்கூட்டர் லோனுக்கா?"

"நானும் போன மாசம் ஒரு ரிப்போர்ட் கேட்டேன் மேடம், அதுக்கென்ன…"

"என்கிட்ட வயசு நாப்பத்தொண்ணுன்னு சொல்லி வேலைக்குச் சேந்தீங்க. இதுல நாப்பத்தெட்டு."

"கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லப்படாதுன்னுட்டான் மேடம் அந்த டைக்காரன்!"

குமரப்பன் ஒரு கையால் போலீஸுக்குப் போன் போட்டார். மறு கையால், 'மேற்படி சந்தனமேரிக்கும் எங்கள் நிலையத்துக்கும் எவ்விதப் பற்று வரவும் இல்லை' என்று எழுதி முத்திரை குத்தினார். சந்தனமேரி முப்பத்தொரு தாள்களிலிருந்து தன்னுடையதை மட்டும் தேடி எடுக்கப் போனாள். ஷீலா அவள் கையைப் பிடித்தாள்.

"அது போலீஸுக்கு வேணும். கேஸ் முடியட்டும், நானே வாங்கித் தாறேன்."

மணி நாலு இருபது.

* * *

பேங்கில் மேனேஜர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மூன்றாம் முறையும் படித்தார். பிறகு பைலைத் திறந்து ஒரு பாரத்தைத் தள்ளினார்.

"சரிம்மா. மில்காரருக்கு இன்னிக்கே போன்ல சொல்லிடுறேன். இதை நிரப்பிக் கையெழுத்துப் போடுங்க."

சந்தனமேரி பேனாவை வாங்கிக்கொண்டாள். பெயர், தாயார் பெயர், கணக்கு எண் எல்லாம் எழுதினாள். பிறந்த தேதியில் வழக்கத்துக்கு மாறாக டிசம்பர் விழுந்துவிட்டது.

"அடடா, பாஸ்புக்ல ஜூன்னுல்ல இருக்கு? அடிச்செல்லாம் எழுதக் கூடாது. இந்தாங்க, புதுசு" என்ற மேனேஜர் பழையதை வாங்கி இரண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

புதிய பாரத்தில் ஜூன் ஒன்று போட்டுக் கையெழுத்திட்டாள். மேனேஜர் மில்காரரை போனில் பிடித்துப் பேசினார். 'உங்க மில்லு மேரிக்குத்தான்' என்ற வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததும் மாயக்கண்ணன் சன்னமாக விசில் அடித்து, பியூனிடம் முறைப்பு வாங்கினான்.

எல்லாரும் எழுந்தார்கள். கதவு வரை போன சந்தனமேரி திரும்பி வந்தாள். குனிந்து குப்பைக் கூடைக்குள் கைவிட்டு அந்த மடித்த தாளை எடுத்தாள்.

"அது குப்பைம்மா" என்றார் மேனேஜர்.

"குப்பை இல்லைங்க சார்" என்ற சந்தனமேரி அதை நான்காக, எட்டாக, பதினாறாகக் கிழித்தாள். "அது நான்."

துண்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டு, ஐந்து பத்து பள்ளத்தூர் பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தாள்.